முன்கண்ணாடி டிரிம் கடைசி வேலை அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அமெரிக்கக் கார்களின் மேற்கூரையைத் தாழ்த்திக் கட்டும் ‘சாப்டு டாப்’ வேலையைப் பற்றித் தங்கள் நாளிதழின் மோட்டார் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையை ஒரு வரி விடாமல் படித்தேன். கூரையைத் தாங்கும் தூண்களை அறுப்பது, கூரையை இறக்கி வெல்டிங் வைப்பது, பட்டி பார்ப்பது, பெயின்ட் அடிப்பது ஆகிய எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கிய அந்தக் கட்டுரை, முன்கண்ணாடியைச் சுற்றி ஓடும் எவர்சில்வர் பட்டையான டிரிம்மைப் பற்றி மட்டும் ‘பெயின்ட் காய்ந்த பிறகு அளவுக்குச் சுருக்கிப் பொருத்திக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் சொல்லி நகர்ந்துவிட்டது. பழைய கார்களின் உடற்கட்டு வேலையிலேயே நாள் முழுவதும் கழிக்கும் என்னால் அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட முடியவில்லை. அதை நம்பி வேலையைத் தொடங்குகிறவர், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும் நேரத்தில், மூலையில் சேராத பட்டையையும் கீறல் விழுந்த புதுப் பெயின்ட்டையும் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும். டிரிம் கடைசியில் வருகிற அலங்காரம் அல்ல என்பதையும், தூணில் ரம்பம் வைக்கும் முன்பே அதன் கணக்கு முடிந்திருக்க வேண்டும் என்பதையும் விளக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கூரையைத் தாழ்த்தும் வழக்கம் அழகுக்காகத் தோன்றியது அல்ல. கலிபோர்னியாவின் மியூராக் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களில் வேகப் பந்தயம் ஓட்டிய இளைஞர்கள், காற்றை எதிர்கொள்ளும் முகப்புப் பரப்பைக் குறைப்பதற்காகவே கண்ணாடிச் சட்டத்தையும் கூரையையும் வெட்டி இறக்கினார்கள். அந்தப் பந்தயங்களுக்கு ஓர் ஒழுங்கு ஏற்படுத்த 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் சங்கம் அமைந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதே வேலை தெருவில் ஓடும் கார்களுக்கும் வந்தது. கார்களை மாற்றிக் கட்டுவதில் பெயர் பெற்ற பாரிஸ் (Barris) சகோதரர்களின் பட்டறையில் உருவான, ‘ஹிரோஹாட்டா மெர்க்’ என்று இன்றும் பேசப்படும் 1951ஆம் ஆண்டு மெர்குரி காரில், கூரை முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 7 அங்குலமும் தாழ்த்தப்பட்டது. வேகத்துக்காகச் செய்தவரை டிரிம் யாருக்கும் பொருட்டாக இல்லை, கழற்றி எறிந்துவிட்டார்கள். தோற்றத்துக்காகச் செய்யத் தொடங்கியபோதுதான், கண்ணாடியைச் சுற்றிய அந்த வெள்ளிக் கோடு முழுக் கூரையின் வடிவத்தையும் கண்ணுக்கு எடுத்துக் காட்டும் கோடாக மாறியது. தாழ்த்திய கூரை சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். உலோகத்தில் ஒரு நூலளவு கோணலைப் பட்டியும் பெயின்ட்டும் மறைத்துவிடும். பளபளக்கும் பட்டையோ அதே கோணலைப் பெரிதாக்கிக் காட்டும்.

இனி அளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டுரையாளர் ‘கூரையை எத்தனை அங்குலம் இறக்கினோமோ அத்தனை அங்குலம் டிரிம்மையும் சுருக்க வேண்டும்’ என்ற எண்ணத்தில் எழுதியிருப்பதாகத் தெரிகிறது. 1932ஆம் ஆண்டு ஃபோர்டு போன்ற கார்களுக்கு இது ஏறக்குறையப் பொருந்தும். அவற்றின் முன்தூண்கள் கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்பவை, கண்ணாடி தட்டையானது, அதற்குத் தனிச் சட்டமும் உண்டு. 1940களின் இறுதியில் வந்த உருண்டை வடிவக் கார்களில் முன்தூண் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதோடு உள்நோக்கியும் சாய்ந்திருக்கும். கணக்கு அங்கே மாறிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். முன்தூணின் செங்குத்து உயரம் 16 அங்குலம், அது நிமிர்கோட்டிலிருந்து 30 பாகை பின்னால் சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாய்வு வழியாக அளந்தால் அந்தத் தூணின் நீளம் 18.48 அங்குலம். கூரையை 3 அங்குலம் இறக்குவதற்காகத் தூணின் நடுவே ஒரு துண்டை எடுத்தால், சாய்வு வழியாக 3.46 அங்குலம் எடுக்க வேண்டியிருக்கும். கூரை நேர் கீழே இறங்கும்போது, மேல்துண்டின் நுனி கீழ்த்துண்டின் நுனிக்கு 1.73 அங்குலம் பின்னால் போய் நிற்கும். இரண்டையும் சேர்க்கப் பல வழிகள் உண்டு. கூரையை முன்னால் நகர்த்தலாம், அல்லது கூரையைக் குறுக்கே வெட்டி நீளம் சேர்க்கலாம். அப்படிச் செய்தால் தூணின் சாய்வு மாறாது, பக்கவாட்டு டிரிம்மில் 3.46 அங்குலம் குறைய வேண்டும். மாறாக, கூரையை இருந்த இடத்திலேயே விட்டு, தூணை அடியில் அறுத்துப் பின்னால் சாய்த்துச் சேர்த்தால், தூணின் புதிய நீளம் 15.95 அங்குலம் ஆகும். டிரிம்மில் ஏறத்தாழ இரண்டரை அங்குலம் மட்டுமே குறையும், ஆனால் தூணின் சாய்வு 35 பாகையைத் தாண்டிவிடும். 3 அங்குலம் இறக்கிய ஒரே காரில் குறைக்க வேண்டிய அளவு ஒரு வழியில் மூன்றரை அங்குலத்தை நெருங்குகிறது, மற்றொரு வழியில் இரண்டரை அங்குலத்தோடு நின்றுவிடுகிறது. எந்த வழியிலும் அது 3 அங்குலம் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

நீளத்தைவிடத் தொல்லை தருவது மூலையின் கோணம். முன்னால் நின்று பார்த்தால் முன்கண்ணாடியின் திறப்பு மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கிறது. மேல் அகலத்தையும் கீழ் அகலத்தையும் தொடாமல் உயரத்தை மட்டும் குறைத்தால், இரு பக்கங்களும் முன்பைவிட அதிகமாக உள்ளே சாயும். அதனால் மேல் மூலை சற்று விரியும், கீழ் மூலை சற்று ஒடுங்கும். தொழிற்சாலையில் அச்சில் அழுத்தி வளைத்த மூலைத் துண்டு பழைய கோணத்துக்கே உரியது. அதைப் பிறகு கையால் வளைத்துச் சரிசெய்யப் பார்த்தால் பட்டையின் வெளிமுகத்தில் சுருக்கம் விழுகிறது, அந்தச் சுருக்கம் எந்தச் சுத்திக்கும் எளிதில் மசிவதில்லை. ஆகவே மூலைத் துண்டின் கோணத்தைத் தொடாமல் காப்பாற்றும்படி தூணையும் கூரையையும் அமைக்க முடியுமா என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். கூரையை நீளவாக்கில் பிளந்து நடுவே ஒரு கீற்றுத் தகடு சேர்த்தால் பக்கங்களின் சாய்வு பழையபடியே நிற்கும். மேல் டிரிம்மில்தான் சற்று நீளம் கூட்ட வேண்டி வரும். பல கார்களில் மேல் டிரிம்மின் இரு பாதிகளும் நடுவில் ஒரு சிறு மூடித் தகட்டின் கீழே சந்திக்கின்றன. தேவைப்படும் கூடுதல் நீளம் சிறிதாக இருந்தால் அந்த மூடியின் அடியிலேயே அது மறைந்துவிடும். வேலையைத் தொடங்கும் முன் டிரிம்மைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் இந்த வசதி கண்ணில் படும். கூரையை ஒட்டி முடித்தவருக்கு அது தெரிய வந்தும் பயனில்லை.

கண்ணாடியைப் பற்றியும் கட்டுரையில் ஒரு குறை இருந்தது. ‘கண்ணாடியை அளவுக்கு வெட்டி’ என்று மட்டும் எழுதினால், எந்தக் கண்ணாடியையும் வெட்டலாம் என்று படிப்பவர் எண்ணிவிடுவார். சூடேற்றிக் கடினமாக்கிய டெம்பர்டு கண்ணாடியை வெட்டவே முடியாது. ஓரத்தில் ஆழமாக வெட்டுப்பட்டாலே முழுத் தகடும் பொடிப் பொடியாக உதிர்ந்துவிடும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே நெகிழிப் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியைத்தான் வெட்ட முடியும், முன்கண்ணாடியாகப் பொருத்த வேண்டியதும் அதுவே. அமெரிக்காவின் 205ஆம் எண் கூட்டரசுத் தரவிதிப்படி முன்கண்ணாடியில் ‘ஏஎஸ்1’ என்ற குறி இருக்கும். கண்ணாடியை எந்தப் பக்கத்தில் வெட்டுவது என்று முடிவுசெய்யும்போது அந்தக் குறி உள்ள மூலை வெட்டுப்பட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. பிறகு வாகன ஆய்வின்போது அது பாதுகாப்புக் கண்ணாடிதான் என்று காட்ட அந்தக் குறிதான் துணை நிற்கும். தட்டையான லேமினேட்டட் கண்ணாடியை வெட்டுவது பழகிய கைக்கு எளிது; இரு முகங்களிலும் கோடு கிழித்து, முறித்து, நடுப் படலத்தைச் சூட்டில் இளக்கிக் கூரிய பிளேடால் அறுத்துவிடலாம். வளைந்த கண்ணாடியில் பாதி வெட்டில் விரிசல் ஓடும் அபாயம் மிக அதிகம் என்பதால், மணல் பீய்ச்சி மெதுவாக அரித்து வெட்டும் முறையை நாடுகிறார்கள்.

வெட்டிய கண்ணாடியின் ஓரம் எந்த இடத்திலும் உடற்கட்டின் உலோக விளிம்பைத் தொடக் கூடாது. சுற்றிலும், கண்ணாடியைப் பிடித்து நிறுத்தும் ரப்பர் பீடிங்குக்கு உரிய இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரிடத்தில் தொட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மேடு பள்ளத்தில் உடற்கட்டு முறுக்கிக்கொடுக்கும் ஏதோ ஒரு நாளில், அந்த இடத்திலிருந்து ஒரு விரிசல் கிளம்பும். இதைத் தவிர்க்க ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. கண்ணாடியின் தடிமனுக்கு ஒத்த, ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பலகையில் கண்ணாடியின் வடிவத்தை வெட்டி, அதற்குப் பீடிங்கையும் டிரிம்மையும் அணிவித்து, வெறும் உலோகமாக இருக்கும் திறப்பில் வைத்துப் பார்ப்பதுதான் அது. பலகையைச் சீவலாம், மறுபடியும் வெட்டலாம், தேவையானால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்யலாம். பலகையில் எல்லாம் சரியாக அமர்ந்த பிறகே கண்ணாடி வெட்டுபவரிடம் அந்த வடிவத்தைக் கொடுக்க வேண்டும். தூண்களை முழுமையாக வெல்டிங் செய்வதையும் அதுவரை தள்ளிவைத்து, ஆங்காங்கே பொட்டு வைத்து நிறுத்திக்கொள்வதே முறை. பெயின்ட்டெல்லாம் முடிந்த பிறகு டிரிம்மை அளப்பது, சட்டையைத் தைத்து முடித்துவிட்டு ஆளை அளப்பதற்குச் சமம்.

டிரிம்மைச் சுருக்கும் வேலையைச் சற்று அருகில் நின்று சொல்ல விரும்புகிறேன். பட்டை எந்த உலோகம் என்று அறிவதே முதல் வேலை. எவர்சில்வரில் மேல்பூச்சு கிடையாது. உள்ளும் புறமும் அதே உலோகம்தான் என்பதால் அறுத்து, ஒட்டி, தேய்த்து, மெருகேற்றி ஒட்டே தெரியாமல் செய்யலாம். சில கார்களின் மூலை மூடிகளும் நடுப்பட்டைகளும் துத்தநாகக் கலவையில் வார்த்துக் குரோம் பூசப்பட்டவை. எவர்சில்வர் 1,400 பாகை செல்சியஸ் அளவில்தான் உருகும் என்றால், துத்தநாகக் கலவை 400 பாகையை ஒட்டியே உருகிவிடும். இரண்டையும் ஒரே கையோடு வெல்டிங் செய்ய நினைத்தால், வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு துண்டு கண்ணெதிரே குழம்பாகிவிடும். காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் அல்ல என்று பலர் சொல்கிறார்கள், அது சரியன்று. பழைய கார் டிரிம்களில் பல, காந்தம் ஒட்டும் வகை எவர்சில்வரில் செய்யப்பட்டவையே.

அறுக்கும் இடம் மூலையை விட்டுத் தள்ளி, பக்கவாட்டின் நேரான பகுதியில் இருக்க வேண்டும். அங்கும் பட்டையின் அகலம் எங்கும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. கீழிருந்து மேலே போகப் போகச் சற்று ஒடுங்கும் பட்டைகள் உண்டு. வெர்னியர் அளவுகோலால் பல இடங்களில் அளந்து, எடுக்கப்போகும் துண்டின் இரு முனைகளிலும் அகலம் கூடியவரை ஒத்திருக்கும் இடத்தைத் தேர்ந்து குறித்துக்கொள்ள வேண்டும். அறுத்த முனைகளை அரத்தால் சமன்செய்து, விளக்கு வெளிச்சம் கசியாத அளவுக்கு ஒன்றோடொன்று நெருக்கி, பின்புறம் செம்புப் பட்டை ஒன்றை அணைத்து, மிகக் குறைந்த மின்னோட்டத்தில் ஆர்கான் வெல்டிங்கில் பொட்டுப் பொட்டாக வைத்து ஒட்ட வேண்டும். எவர்சில்வர் வெப்பத்தை எளிதில் கடத்திவிடாமல் ஒட்டும் இடத்திலேயே தேக்கிக்கொள்வதால், அவசரப்பட்டுத் தொடர்ந்து இழுத்தால் அரை மில்லிமீட்டரை ஒட்டிய அந்த மெல்லிய தகடு கோணிவிடும், அல்லது ஓட்டை விழுந்துவிடும். நிரப்புக் கம்பிக்குப் பதிலாக, அறுத்தெடுத்த அதே டிரிம் துண்டிலிருந்து ஒரு மெல்லிய கீற்றைக் கத்தரித்துப் பயன்படுத்துவதே சிறந்தது. உலோகம் ஒன்றேயாக இருப்பதால் மெருகேற்றிய பிறகு நிறவேறுபாடு தெரியாது. பின்புறத்திலும் ஆர்கான் வாயு படும்படி செய்யாவிட்டால் ஒட்டின் அடிப்பக்கம் கறுத்துச் சொரசொரப்பாகிவிடும். ரப்பரின் பள்ளத்துக்குள் நுழைய வேண்டிய பக்கம் அதுதான் என்பதால் அதையும் அலட்சியப்படுத்தலாகாது.

அதன் பிறகு அரம், உப்புத்தாள், சுழலும் சக்கரத்தில் மெருகேற்றும் பஃபிங் என்று பொறுமை கேட்கும் வேலை. 220 எண் தாளில் தொடங்கி 320, 400, 600 என்று ஏறும்போது ஒவ்வொரு தாளும் முந்தைய தாளின் கோடுகளை முழுமையாக அழித்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். பஃபிங் சக்கரம் பட்டையின் ஓரத்தை நோக்கிச் சுழலாமல், ஓரத்தை விட்டு வெளியே போகும் திசையில் சுழலும்படி பிடிக்க வேண்டும். ஓரத்தைச் சக்கரம் கவ்வினால் பட்டையைப் பிடுங்கி வீசிவிடும், பட்டையும் போகும், கையும் போகும். இந்த எச்சரிக்கையை எந்தக் கட்டுரையிலும் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வண்டியின் உட்புறத்தில் கண்ணாடியைச் சுற்றித் திருகுகளால் முடுக்கப்படும் இரும்புச் சட்டங்களுக்கும் இதே கணக்கு உண்டு. அவை பெயின்ட்டுக்குள் மறைந்துவிடும் என்பதால் அங்கே வேலை எளிது.

பெயின்ட்டுக்குப் பிறகு நடக்கும் பொருத்தும் முறையைப் பார்த்தாலே, டிரிம்மைத் தனியாகக் கடைசியில் வைக்க முடியாது என்பது விளங்கும். இத்தகைய பல கார்களில் ரப்பர் பீடிங்குக்கு மூன்று பள்ளங்கள் உண்டு: ஒன்றில் கண்ணாடி அமரும், ஒன்று உடற்கட்டின் விளிம்பைக் கவ்வும், மூன்றாவதில் டிரிம்மின் நாக்கு நுழையும். கண்ணாடிக்கு ரப்பரை அணிவித்து, டிரிம்மையும் மேசை மேலேயே ரப்பரில் ஏற்றி, விளிம்பைக் கவ்வ வேண்டிய பள்ளம் முழுவதும் மெல்லிய கயிறு ஒன்றைச் சுற்றி, அதன் இரு நுனிகளும் கீழ்ப்பக்க நடுவில் ஒன்றையொன்று தாண்டி நிற்கும்படி விட வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவி, முழுத் தொகுதியையும் வெளியிலிருந்து திறப்பில் வைத்து, ஒருவர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வர, உள்ளே அமர்ந்திருப்பவர் கயிற்றை விளிம்புக்கு இணையாக மெல்ல இழுத்துக்கொண்டே போனால், ரப்பரின் உதடு ஒவ்வோர் அங்குலமாக விளிம்பின் மேல் ஏறி உள்ளே மடிந்துகொள்ளும். கண்ணாடி வைத்தாகிவிட்டது, இனி டிரிம்மை அழுத்தி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், ரப்பர் இறுகிய அந்த நிலையில் பட்டையின் நாக்கு உள்ளே போகாது; நெம்பினால் பட்டை மடியும், தட்டினால் கண்ணாடியில் விரிசல் விழும். மேசை மேல் ஏற்றிய டிரிம் ஒரு நூல் நீளம் கூடியிருந்தாலும், கயிறு இழுக்கும்போது மூலையில் ரப்பர் பள்ளத்தை விட்டு எழும்பி நிற்கும். அந்த நேரத்தில் பட்டையைக் கழற்றி மறுபடி அறுக்கப் போனால், அதன் கூரிய ஓரம் முதலில் கிழிப்பது புதிதாக அடித்த பெயின்ட்டைத்தான். கீறலுக்குள் ஈரம் இறங்கி, ரப்பருக்கு அடியில் யாரும் காணாத இடத்தில் துரு தொடங்கிவிடும். இதே காரணத்தால் கண்ணாடி அமரும் விளிம்பின் மேல் பட்டியை ஏற்றவும் கூடாது. அங்கே கூடும் தடிமன், பலகையை வைத்துப் பார்த்த அளவையெல்லாம் வீணாக்கிவிடும்.

டிரிம்மையே விட்டுவிட்டு, பள்ளமில்லாத வெறும் ரப்பரோடு நிறுத்திக்கொள்கிறவர்களும், இன்றைய கார்களைப் போலப் பசையால் கண்ணாடியை ஒட்டிவிடுகிறவர்களும் உண்டு. ஒழுகாது, வேலை சீக்கிரம் முடியும் என்ற அவர்களின் வாதத்தில் உண்மை இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தொழிற்சாலையிலேயே அந்த வெள்ளிக் கோட்டோடு பிறந்த காரில், கதவின் மேல் ஓரத்திலும் பின்கண்ணாடியைச் சுற்றியும் பட்டை தொடரும்போது, முன்னால் மட்டும் கறுப்பு ரப்பர் நிற்பதை நிறைவுபெற்ற வேலையாக என்னால் ஏற்க முடியவில்லை. கூரையைத் தாழ்த்தியும் அந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்ததைப் போலத் தோன்ற வேண்டும் என்பதே இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள் தேடிய தரம். அதைத் தேடுகிறவர்கள் முன்கண்ணாடியில் குறுக்குவழி தேட மாட்டார்கள்.

ஆகவே தங்கள் பக்கத்தில் இத்தகைய வேலைகளைப் பற்றி மீண்டும் எழுதும்போது, டிரிம், ரப்பர், கண்ணாடி வடிவப் பலகை ஆகிய மூன்றையும் வெறும் உலோகத்தில் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கட்டத்தைத் தனியாக விளக்கி, மேல் மூலை ஒன்றை மிக அருகில் எடுத்த படத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘பெயின்ட் காய்ந்த பிறகு’ என்ற அந்த வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால், இப்போதே ரம்பத்தைக் கையில் எடுத்திருக்கும் வாசகர்களுக்கு அது உடனே உதவும்.

இப்படிக்கு,
பழைய கார்களின் உடற்கட்டு வேலையில் ஈடுபட்டிருக்கும் வாசகர்